காவல் வண்டியும் பின்னிருக்கையும்

தக்காணத்தின் ஒரு மாவட்டத் தலைநகரில், காவல் நிலையமொன்றின் வாசலில், நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு ஓர் ஓட்டுநர் தம் வண்டியின் முன்மூடியைத் திறக்கிறார். எண்ணெய் அளவைப் பார்க்கிறார். ரேடியேட்டரில் நீர் ஊற்றுகிறார். நான்கு டயர்களையும் காலால் ஒருமுறை தட்டிப் பார்க்கிறார். தலைமைக் காவலர் நிலையில் இருக்கும் அவருக்கு ஓய்வுபெற இன்னும் பதினொரு மாதங்கள். 34 ஆண்டுப் பணியில் அவர் கையில் நான்கு வகை வண்டிகள் வந்து போயிருக்கின்றன: பழைய ஜீப், உயரதிகாரி ஒருவருக்காக ஓட்டிய அம்பாசடர், பிறகு சுமோ, இப்போது பொலேரோ. எந்த வண்டியின் கிளட்ச் இடது முழங்காலைப் பதம் பார்க்கும், எது மழையில் வளைவில் வழுக்கும், எதில் பின்பலகையில் அமர்த்தப்பட்ட கைதியின் தலை சன்னல் கம்பிவலையின் விளிம்பில் இடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த விளிம்பில் அவர் பழைய சைக்கிள் டியூப் ஒன்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்.

எந்த வண்டியை வாங்கலாம் என்று இந்த 34 ஆண்டுகளில் எவரும் அவரைக் கேட்டதில்லை. கேட்பார்கள் என்று அவரும் எதிர்பார்த்ததில்லை. "கொடுத்த வண்டியை ஓட்டுவதுதான் நம் வேலை" என்று சொல்லிவிட்டு முன்மூடியைச் சாத்துகிறார்.

காவல்துறை எந்த நிறுவனத்தின் வண்டியை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறது என்னும் கேள்வி, முதற்பார்வைக்கு மோட்டார் இதழ்களுக்கு உரியதாகத் தோன்றும். குதிரைத்திறன், விலை, மைலேஜ் ஆகியவற்றோடு அது முடிந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஓர் அரசு தன் குடிமக்களிடம் எப்படி வந்து சேர விரும்புகிறது, யாரை எந்த இருக்கையில் அமர்த்த நினைக்கிறது என்பதை அந்தத் தேர்வைப்போல் வெளிப்படையாகக் காட்டும் ஆவணம் வேறு அதிகமில்லை. காவல் நிலையத்தின் உள்ளே பலர் நுழைந்ததே இல்லை. காவல் வண்டியைப் பார்க்காதவர் யாருமில்லை.

வண்டியின் பெயரிலிருந்தே தொடங்கலாம். தமிழில் இன்றும் 'போலீஸ் ஜீப்' என்றே சொல்கிறார்கள். வந்து நிற்பது எந்த நிறுவனத்தின் வண்டியாயினும் ஊர்வாயில் அது ஜீப்தான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைகளுக்காகத் தயாரான வில்லிஸ் ஜீப்பை 1947 முதல் இந்தியாவில் பொருத்தி விற்கத் தொடங்கியது மகிந்திரா நிறுவனம். போர்க்களத்துக்கென உருவான வண்டி வனத்துறை, பொதுப்பணித்துறை, காவல்துறை என அரசின் எல்லாத் துறைகளுக்கும் கிளை பரப்பியது. சாலை இல்லாத இடத்துக்கும் அரசு போய்ச்சேர ஜீப் ஒன்றே வழி என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. ஒரு வணிகப் பெயர் பொதுப்பெயராகி, பிறகு அச்சத்தின் பெயராகவும் ஆனது அப்படித்தான். 'ஜீப் வந்திருக்கிறது' என்று தெருமுனையில் யாராவது சொன்னால், யாருடைய ஜீப் என்று எவரும் கேட்பதில்லை.

அந்தக் காலத்தில் தேர்வு என்று ஒன்று இருந்ததாகச் சொல்வது கடினம். தொழில் உரிம முறையின்கீழ் நாட்டில் வண்டி தயாரித்த நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடர், உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை தயாரானது. ஆகவே காவல்துறையில் வண்டியின் பெயர் பதவியின் பெயராக இருந்தது. அதிகாரிக்கு அம்பாசடர், காவலர்களுக்கு ஜீப், அல்லது கம்பிவலை போட்ட லாரி. முன்னதில் சாய்ந்து அமர மெத்தை உண்டு. பின்னதில் இருபுறமும் எதிரெதிராகப் போட்ட பலகை. வண்டியின் அமைப்பே யார் ஆணையிடுவார், யார் இறங்கி ஓடுவார் என்று பிரித்து வைத்தது.

தேர்வு பெருகத் தொடங்கியது 1985-க்குப் பின்னர். அவ்வாண்டின் இறுதியில் மாருதியின் ஜிப்ஸி வந்தது. 1994-இல் டாட்டாவின் சுமோ, 2000-இல் டொயோட்டாவின் குவாலிஸ், அதே ஆண்டில் மகிந்திராவின் பொலேரோ, 2005-இல் இன்னோவா என்று வரிசை நீண்டது. டெல்லியின் கட்டுப்பாட்டு அறை வண்டி என்றால் நெடுங்காலம் ஜிப்ஸிதான் நினைவுக்கு வந்தது. ஒன்றே ஒன்று இருந்தவரையில் ஏன் இதை வாங்கினீர்கள் என்ற கேள்வி எழவில்லை. நான்கைந்து வந்ததும் அந்தக் கேள்வி எழுந்தது. கேள்வியோடு ஐயமும் எழுந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெரிய கொள்முதல் சர்ச்சையே 1948-இல் படைக்கு ஜீப் வாங்கியது பற்றியதுதான் என்பதை நினைவிற்கொண்டால், அரசு ஏன் தன் அதிகாரிகளின் விருப்பத்தை நம்பாமல் காகிதத்தை நம்பியது என்பது விளங்கும்.

அந்தக் காகிதத்தின் வழி இப்படிப் போகிறது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி காவல் மாநிலப் பட்டியலில் உள்ளது. எனவே வண்டி வாங்குவது மாநிலத்தின் வேலை. ஆனால் 1969-70 முதல் நடைமுறையில் இருக்கும் காவல்துறை நவீனமயத் திட்டத்தின்கீழ் ஒன்றிய அரசும் பணம் தருகிறது. ஒன்றிய அரசின் துறைகளுக்குப் பொது நிதி விதிகள் உண்டு. தமிழ்நாட்டுக்கு 1998-இன் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், கர்நாடகத்துக்கு 1999-இன் சட்டம் என மாநிலங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. முன்பு ஒன்றிய அரசின் வழங்கல் தலைமை இயக்குநரகம் நிறுவனங்களோடு விலை ஒப்பந்தம் செய்து வைக்கும். துறைகள் அந்த விலையில் வாங்கிக்கொள்ளும். அந்த இயக்குநரகம் 2017 அக்டோபர் 31-ஆம் நாள் மூடப்பட்டது. 2016-இல் தொடங்கிய அரசு மின்சந்தை அதன் இடத்தைப் பிடித்தது. இன்று பல வண்டிகள் அந்தச் சந்தையின் பட்டியல் வழியாகவே வாங்கப்படுகின்றன.

பொது நிதி விதிகளின் 144-ஆவது விதி, வாங்கப்படும் பொருளின் விவரக்குறிப்பு துறையின் தேவையை நிறைவேற்ற வேண்டும், தேவையற்ற சிறப்பம்சங்கள் அதில் இடம்பெறக் கூடாது என்கிறது. திறந்த போட்டி வேண்டுமாயின் விவரக்குறிப்பு ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. ஆனால் பெயர் சொல்லாமலே பெயரைச் சுட்டும் கலை இங்கேதான் பிறக்கிறது. டீசல் எஞ்சின் இத்தனை கன சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், தரையிலிருந்து அடிப்பாகத்தின் உயரம் இத்தனை மில்லிமீட்டர், இருக்கைகள் ஏழுக்குக் குறையக் கூடாது, பின்சக்கர இயக்கம் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனால், ஐந்தாவது வரியில் சந்தையில் ஒரே ஒரு வண்டி மிஞ்சும். எழுதியவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு காரணம் சொல்ல முடியும். நான்கு பேர் பந்தயத்தில் ஓடுவதாகத் தோன்றும். பாதை ஒருவருடைய காலுக்கு அளவெடுத்துப் போடப்பட்டிருக்கும்.

இதை ஊழல் என்று மட்டும் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது போதிய விளக்கம் ஆகாது. பல நேரங்களில் அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது பழக்கம். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஓர் அறிவு. ஏணிச்சட்டகத்தின்மீது உடல் பொருத்தப்பட்ட வண்டி கரடுமுரடான பாதையில் தாங்கும். கிராமத்துச் சந்தியில் இருக்கும் மெக்கானிக்கும் அதைப் பழுது பார்ப்பார். உதிரிப்பாகம் தாலுகா ஊரிலேயே கிடைக்கும். மின்னணுப் பெட்டி பழுதானால் நகரத்துப் பணிமனைக்கு இழுத்துச் செல்லவேண்டிய வண்டியைவிட, சுத்தியல் சத்தத்துக்குப் பணியும் வண்டி மாவட்டக் காவல்துறைக்கு உகந்தது. நாட்டின் ஊரகக் காவல் நிலையங்கள் பலவற்றின் முன்னே பொலேரோ நிற்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

ஆனால் அதே விவரக்குறிப்பில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. எத்தனை பேரை ஏற்றலாம் என்பதே அதன் முதற்கேள்வி. 1861-இன் காவல் சட்டம் உருவாக்கிய அமைப்பில், காவலர் என்பவர் தனித்து முடிவெடுக்கும் ஆள் அல்லர். கலவரம் நடக்கும் இடத்துக்குக் கூட்டமாகக் கொண்டுபோய் இறக்கப்படும் படையின் ஓர் உறுப்பு. அந்தப் படைக்கு ஏற்றது பக்கவாட்டுப் பலகைகள் போட்ட, பின்கதவு திறக்கும் வண்டி. இன்று 112 என்ற எண்ணை அழைக்கும் பெண்ணிடம் சில நிமிடங்களில் போய்ச்சேர வேண்டிய வண்டிக்கு வேறு குணங்கள் வேண்டும்: வேகமாக நிறுத்தும் பிரேக், உள்ளே தகவல் திரை, முதலுதவிப் பெட்டி, அழைத்தவரையே அமர்த்தி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லத் தகுந்த ஓர் இருக்கை. இந்த இரண்டு வேலைகளையும் ஒரே வண்டியிடம் ஒப்படைக்கும்போது, வெல்வது பெரும்பாலும் பழைய வேலையே.

அமெரிக்காவில் இதே கேள்விக்கு வேறொரு விடை கண்டார்கள். அங்கே ஒவ்வோர் ஆண்டும் மிச்சிகன் மாநிலக் காவல்துறை, நிறுவனங்கள் விற்கவிருக்கும் காவல் வண்டிகளை எல்லாம் ஓடுதளத்தில் ஓட்டிப் பார்க்கிறது. முடுக்கம், உச்ச வேகம், பிரேக், வளைவுகளில் வண்டியின் நிதானம், உள்ளே கருவிகள் அமைந்த விதம் என ஒவ்வொன்றையும் அளந்து முடிவுகளை வெளியிடுகிறது. நாடெங்கும் உள்ள சிறு ஊர்க் காவல்துறைகளும் அந்த அறிக்கையைப் படித்தே வாங்குகின்றன. சோதித்துப் பார்த்து, எல்லோரும் படிக்கும்படி வெளியிட்ட பின்னர் வாங்குவது என்னும் அந்த வழக்கம், எந்த நாட்டு நிர்வாகத்துக்கும் பாடமாகத் தகும்.

இருந்தும் அங்கேயும் தேர்வின் கடைசிச் சொல் காவல்துறையிடம் இல்லை. 1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய கேப்ரிஸ் காரைத் தயாரிப்பதை நிறுத்தி, அந்தத் தொழிற்சாலையை அதிக ஆதாயம் தரும் பெருவண்டிகளுக்குத் திருப்பியது. அதன்பின் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அமெரிக்கச் சாலைகளில் காவல் வண்டி என்றால் ஃபோர்டின் கிரௌன் விக்டோரியாதான். சட்டகத்தின்மேல் உடல், எட்டு சிலிண்டர் எஞ்சின், பின்சக்கர இயக்கம் என்ற பழைய கட்டமைப்பில் மீந்திருந்தது அது ஒன்றே. 2011-இல் அதுவும் நின்றது. பிறகு எக்ஸ்புளோரரை அடியொற்றிய உயரமான வண்டி அந்த இடத்தைப் பிடித்தது. குடும்பங்கள் எதை வாங்குகின்றனவோ அதையே நிறுவனங்கள் தயாரிக்கின்றன. காவல்துறை அந்த மிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

அந்தக் கிரௌன் விக்டோரியாவின் கதையில் ஆய்வு மாணவர்கள் நின்று பார்க்கவேண்டிய ஓர் இடம் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தியிருந்த காவல் வண்டிகள்மீது பின்னாலிருந்து அதிவேகமாக வாகனங்கள் மோதிய சில விபத்துகளில், எரிபொருள் தொட்டி துளைபட்டுத் தீப்பற்றிக் காவலர்கள் உயிரிழந்தனர். வழக்குகளும் கண்டனங்களும் தொடர்ந்தன. 2002-இல் தொட்டியைச் சுற்றிப் பாதுகாப்புக் கவசங்கள் பொருத்த நிறுவனம் முன்வந்தது. ஓடுதளச் சோதனை அளந்தது ஓடும் வண்டியை. காவலர் இறந்ததோ நின்றிருந்த வண்டியில். துரத்துவதே காவலின் சாரம் என்று கருதிய ஒரு சமூகம், துரத்தும் திறனை நொடியின் பின்னம்வரை அளந்தது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி ஒருவரின் உரிமத்தைச் சரிபார்ப்பது அன்றாட வேலையாக இருந்தும், அளவுகோலில் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

இத்தாலியில் இன்னொரு விதம். 2004-இல் லம்போர்கினி நிறுவனம் தன் கல்லார்டோ பந்தயக் காரை அந்நாட்டுக் காவல்துறைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. மாற்று அறுவைக்கான உறுப்புகளை ஊர்விட்டு ஊர் விரைந்து கொண்டுசெல்ல அது பயன்பட்டது உண்மை. உலகெங்கும் அதன் படம் அச்சானதும் உண்மை. அதே நாட்டில் 2014-ஐ ஒட்டி அன்றாட ரோந்துக்கான கார்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, ஸ்பெயினின் சியட் நிறுவனம் வென்றது. தலைமுறைகளாக ஆல்ஃபா ரோமியோவோடு ஒன்றாக்கிப் பார்க்கப்பட்ட காவல்துறை வெளிநாட்டுக் காரில் ஏறுவதா என்ற மனக்குறை எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் நாட்டுப்பற்றை மதிப்பெண்ணாக ஏற்பதில்லை. படத்துக்கு ஒரு வண்டி, பணிக்கு ஒரு வண்டி என்ற பிரிவை அந்த நாடு இவ்வளவு தெளிவாக வெளிக்காட்டியது. 2013 முதல் தன் விலையுயர்ந்த கார்களைக் காட்சிக்கு வைத்த துபாய் காவல்துறைக்கு அந்தப் பிரிவும் தேவைப்படவில்லை. அங்கே படமே பணிகளுள் ஒன்று.

இந்தியாவிலும் படத்துக்கு மதிப்பு கூடிவருகிறது. 2014 ஜூனில் தெலங்கானா பிறந்தது. இரண்டே மாதங்களில் ஹைதராபாத் காவல்துறைக்குப் புதிய வெள்ளை இன்னோவாக்கள் அணிவகுத்தன. புதிய மாநிலம் ஒன்று தன்னைக் குடிமக்களுக்கு அறிமுகம் செய்துகொள்ள, சட்டமன்றக் கட்டடத்துக்கு முன்பாகவே வண்டியைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லலாம். 2016 நவம்பரில் உத்தரப் பிரதேசம் தன் 100 என்ற அவசர அழைப்புச் சேவையை இன்னோவாக்களோடும் பொலேரோக்களோடும் தொடங்கியது. பின்னர் அதுவே 112 ஆயிற்று. பழைய ஜீப்பின் நினைவை அழித்து, குடும்பங்கள் பயணம் செய்யும் வண்டியில் காவலர் வந்திறங்குவது அச்சத்தைக் குறைக்கலாம் என்பதில் உண்மை இல்லாமலில்லை. உதவி கேட்டு அழைத்தவர் வாசலில் ஒழுங்கான வண்டி வந்து நிற்பது அவருக்கும் ஒரு மரியாதை.

ஆனால் கொடியசைத்துத் தொடங்கிவைக்கும் விழாவில் புது வண்டிக்கு இடமுண்டு. புது டயருக்கு இடமில்லை. வாங்கும் நாளில் செலவாகும் பணத்துக்கு அறிவிப்பு உண்டு. ஏழாம் ஆண்டில் தேயும் பிரேக்குக்கும் மாதக் கடைசியில் தீரும் டீசல் ஒதுக்கீட்டுக்கும் அறிவிப்பு இல்லை. 2020 ஜனவரி 1 நிலவரப்படி நாட்டின் 16,833 காவல் நிலையங்களில் 257-இல் ஒரு வண்டிகூட இல்லை என்று உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2022-இல் சுட்டிக்காட்டியது. காமன் காஸ் அமைப்பும் வளரும் சமூகங்களுக்கான ஆய்வு மையமும் சேர்ந்து காவலர்களிடம் நடத்திய ஆய்வின் 2019 அறிக்கையில், அரசு வண்டி தேவைப்பட்டும் கிடைக்காத நிலை தங்களுக்கு அடிக்கடி நேர்ந்திருப்பதாக 46 விழுக்காட்டினர் கூறியிருந்தனர். எந்தப் பெயர் என்ற விவாதத்துக்கு முன்னால், வண்டி இருக்கிறதா, அதில் எரிபொருள் இருக்கிறதா என்ற விவாதம் காத்திருக்கிறது.

சில நேரங்களில் தேர்வு காவல்துறைக்கும் நிறுவனத்துக்கும் அப்பாலிருந்து வருகிறது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தில் 2000 கன சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள டீசல் வண்டிகளின் பதிவைத் தடை செய்தது. மறு ஆண்டு டெல்லிக் காவல்துறையே தன் வண்டிகளைப் பதிவுசெய்ய நீதிமன்றத்தின் அனுமதியை நாட வேண்டியிருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டுகள் கடந்த அரசு வண்டிகளின் பதிவு ரத்தாகும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கவச வண்டி முதலான சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. நிலையத்து ரோந்து வண்டிக்கு அது கிடைப்பதில்லை. காற்றின் நன்மைக்கான இந்த முடிவுகளைக் குறை கூற முடியாது. ஆயினும் கழிக்கப்பட்ட வண்டிக்கு மாற்று வரும்வரை, அழைப்பு வந்த வீட்டுக்குக் காவலர் எதில் போவார் என்ற கேள்விக்கு அந்த அறிவிக்கைகளில் விடை இல்லை.

இவ்வாறு சந்தை, காகிதம், படம், நீதிமன்றம் என நால்வர் கூடி ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் ஏறுபவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

2008 நவம்பர் 26 இரவு மும்பையில், காமா மருத்துவமனையை ஒட்டிய சாலையில் ஒரு காவல் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது ஒரு குவாலிஸ். ஹேமந்த் கர்கரே, அசோக் காம்டே, விஜய் சாலஸ்கர் ஆகிய மூன்று அதிகாரிகளும், பின்னால் நான்கு காவலர்களும் அதில் இருந்தனர். மறைந்திருந்த இருவர் சுட்டதில் ஒருவரைத் தவிர அனைவரும் இறந்தனர். எஞ்சிய காவலர் தோட்டாக் காயங்களோடு, தம் தோழர்களின் உடல்களுக்கு அடியில், அந்தக் குறுகிய பின்பகுதியில் அசைய இடமின்றிக் கிடந்தார். கொலையாளிகள் அதே வண்டியைக் கைப்பற்றி ஓட்டிச் சென்றனர். பின்னால் ஓர் உயிர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. டயர் பழுதாகி அவர்கள் வண்டியை விட்டு இறங்கிய பின்னரே அவர் வயர்லெஸில் செய்தி சொன்னார்.

வேறொரு வண்டியாக இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தானியங்கித் துப்பாக்கிக்கு முன் எந்தச் சாதாரண வண்டியும் நிற்காது. ஆனால் அந்த வண்டி குடும்பங்கள் சுற்றுலா செல்ல வடிவமைக்கப்பட்டது; அதன் பின்பகுதி குழந்தைகளும் பெட்டிகளும் இருக்கவேண்டிய இடம். ஆயுதம் ஏந்திய நால்வர் அங்கே அமர்ந்தால் துப்பாக்கியை எப்படித் திருப்புவார்கள், எந்தக் கதவு வழியாக இறங்குவார்கள் என்று அதற்கு முன் யாரேனும் அமர்ந்து பார்த்தார்களா என்பதே கேள்வி. மறு ஆண்டே மகிந்திராவின் மார்க்ஸ்மேன் என்ற கவச வண்டி அறிமுகமாயிற்று; காவல்துறைகள் அதை வாங்கவும் செய்தன. அரிதாக நிகழும் தாக்குதலுக்கு ஒரு தனி வண்டி கிடைத்தது. அன்றாடம் ஓடும் வண்டியின் பின்பகுதி அப்படியே இருக்கிறது.

அந்தப் பின்பகுதியில் அமர்பவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் பட்டியல் நீள்கிறது. இரவு ரோந்து முடிந்து அயர்ந்து தூங்கும் காவலர். தேர்தல் பணிக்கு 200 கிலோமீட்டர் தள்ளி அனுப்பப்படும் பெண் காவலர்; வழியில் எங்கும் இறங்க வசதியின்றி நீர் குடிப்பதையே தவிர்ப்பவர். நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லப்படும் விசாரணைக் கைதி. சட்டத்தின் கண்ணில் இன்னும் குற்றவாளி ஆகாதவர். காயமுற்ற நிலையில் புகார் கொடுக்க வந்து, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப்படும் பெண். மோட்டார் வாகன விதிகளின் 138-ஆவது விதி, முன்னிருக்கையிலும் முன்னோக்கிய பின்னிருக்கையிலும் இருப்பவர்கள் பட்டை அணிய வேண்டும் என்கிறது. பக்கவாட்டுப் பலகையில் அமர்பவர் அந்த வாக்கியத்துக்கு வெளியே இருக்கிறார். கைவிலங்கோடு அமர்ந்திருப்பவர் திடீர் பிரேக்கின்போது எதைப் பிடித்துக்கொள்வார் என்று அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை. பணியில் இறந்த காவலர்களைக் கணக்கிடும் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணையில் விபத்து என்பது ஆண்டுதோறும் ஒரு தனித் தலைப்பு. அந்தத் தலைப்பின்கீழ் வரும் எண்ணில் எத்தனை பேர் பின்பலகையில் இருந்தார்கள் என்பதற்குத் தனிக் கட்டம் கிடையாது.

இதற்குத் தீர்வு புதிய ஆணையம் அன்று. விவரக்குறிப்பை எழுதுவதற்கு முன்னால் நிரப்பவேண்டிய ஒரு பக்கம் போதும். அதை மாவட்டத்துக்கு ஒன்றாக ஓட்டுநர்களும் பெண் காவலர்களும் நிரப்பட்டும். வாங்கவிருக்கும் வண்டியில் காகிதம் சொல்லும் ஏழு பேரையும் ஏற்றி, அந்த மாவட்டத்தின் மோசமான சாலையில் ஒருநாள் ஓட்டிப் பார்க்கட்டும். விலையை ஒப்பிடும்போது வாங்கும் நாளின் விலையோடு பத்தாண்டு எரிபொருளையும் டயரையும் பழுதுச் செலவையும் கூட்டிக்கொள்ளட்டும். முடிவை மிச்சிகனில் செய்வதுபோல் எல்லோரும் படிக்க வெளியிடட்டும். 1970-இல் நிறுவப்பட்ட காவல்துறை ஆய்வு மேம்பாட்டு அமைப்பு ஆண்டுதோறும் மாநிலவாரியாக வண்டிகளை எண்ணி வெளியிடுகிறது. எண்ணத் தெரிந்த அமைப்புக்கு, அவற்றில் ஏறுபவர்களைக் கேட்பது பெரிய வேலை ஆகாது. சமூக அறிவியல் துறைகளிலும் போக்குவரத்துப் பொறியியல் துறைகளிலும் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு, பல்கலைக்கழக வாசலில் நிற்கும் ரோந்து வண்டியிலேயே ஓர் ஆய்வு காத்திருக்கிறது.

தக்காணத்து ஊரில் அந்த நிலையத்துக்குப் புது வண்டி வந்தது. பெயரும் நிறமும் மாறியிருந்தன. பணிமனையில் சன்னலுக்குக் கம்பிவலை பொருத்தி அனுப்பியிருந்தார்கள். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சக்கரத்தின்கீழ் எலுமிச்சை நசுக்கினார்கள். காவல் ஆய்வாளர் முன்னிருக்கையில் ஒருமுறை அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார். எல்லோரும் உள்ளே போன பின்னர், ஓட்டுநர் பின்கதவைத் திறந்து பலகையில் ஏறி உட்கார்ந்தார். 34 ஆண்டுகளில் எத்தனையோ பேரை அவர் அங்கே ஏற்றியிருக்கிறார். தாம் அமர்ந்தது அன்றுதான். இளைய ஓட்டுநரிடம் சாவியைக் கொடுத்து, நிலையத்தைச் சுற்றி ஒருமுறை ஓட்டச் சொன்னார். இரண்டாவது திருப்பத்தில் அவருடைய காதுக்கு மேலே கம்பிவலையின் விளிம்பு இடித்தது.

இறங்கியவர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய வண்டி கழிவுக்காக மதிலோரம் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் சன்னலிலிருந்து சைக்கிள் டியூபை அவிழ்த்துக்கொண்டு வந்து, புது வண்டியின் விளிம்பில் சுற்றிக் கட்டத் தொடங்கினார். முடிச்சு எங்கே விழவேண்டும் என்று இளையவருக்கும் காட்டிக் கொடுத்தார்.